இரண்டு தட்டும் ஒன்றாக ஓட மறுத்தால்: ரெக்கார்டில் மிக்ஸ் பழகுகிறவர்களுக்கு

சேலம் கொண்டலாம்பட்டியில் எங்கள் மாமா வீட்டை ஒட்டி இரண்டு விசைத்தறிகள் ஓடும். காலையில் இரண்டையும் ஒரே நேரத்தில் போடுவார்கள். முதல் சில நொடி ஒரே தறி ஓடுவது போலத்தான் கேட்கும். அப்புறம் 'டக்'குக்குப் பக்கத்திலேயே இன்னொரு 'டக்' முளைக்கும். 'டடக், டடக்' என்றாகும். கொஞ்ச நேரத்தில் இரண்டு அடிக்கும் நடுவே சரிபாதி இடைவெளி விழுந்து, ஒரே தறி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவது போல மயக்கும். பிறகு மறுபடி நெருங்கும், ஒட்டும், விலகும். பொழுது சாயும்வரை இதே கதைதான்.

பீட்மேட்சிங், அதாவது இரண்டு பாட்டின் தாள அடிகளை ஒன்றாக ஓடவைப்பது, இந்த இரண்டு தறியையும் விலகவிடாமல் பிடித்து வைப்பது போன்ற வேலை. இரண்டு டர்ன்டேபிள், ஒரு மிக்சர், ஒரு ஹெட்போன் வாங்கிவிட்டீர்கள், முள்ளை இறக்கத் தெரியும், ஆனால் இரண்டு பாட்டும் சேர்ந்து நிற்க மாட்டேன் என்கிறது. அந்த இடத்தில் இருப்பவருக்காக எழுதுகிறேன்.

என்னிடம் வருகிற பையன்கள் எடுத்ததும் சொல்வது, "அண்ணா, எனக்குக் காது இல்லீங்கண்ணா" என்பதுதான். காது இருக்கும். பெரும்பாலும் மெஷினிலோ, தட்டிலோ, சத்தம் வந்து சேரும் வழியிலோ ஒரு பிசகு இருக்கும். அதைக் காதால் சரிக்கட்டப் பார்த்துத்தான் தோற்றுப்போகிறார்கள். அதனால் சந்தேகப்படும் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் மெஷின், அடுத்து தட்டு, அடுத்து ஒயரும் ஸ்பீக்கரும், அதற்கப்புறம் பாட்டு. உங்கள் கையும் காதும் கடைசி.

மெஷின்

மேசை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கொத்தனாரிடம் இருப்பதே போதும். சாய்ந்த மேசையில் முள் பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரிலேயே உரசிக்கொண்டு ஓடும், லேசாகத் தட்டினாலும் குதிக்கும்.

அடுத்து முள்ளின் எடை. புதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்குவார்கள். ஆர்ம் (முள்ளைத் தாங்கும் கை) காற்றில் கிடைமட்டமாக மிதக்கும்வரை பின்னால் இருக்கும் எடையைத் திருக வேண்டும். மிதந்ததும், எடையை அசைக்காமல், முன்னால் இருக்கும் எண் வளையத்தை மட்டும் 0-வுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி வேண்டிய கிராமுக்கு வர வேண்டும். பலர் கடைசியில் வளையத்தை மட்டும் திருகிவிட்டு '3 கிராம் வைத்துவிட்டேன்' என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் முள்ளின் மேல் எடையே இருக்காது. டிஜே கார்ட்ரிட்ஜ்கள் (முள் பொருத்திய தலைகள்) பெரும்பாலும் 3 முதல் 4 கிராம் கேட்கும். உங்களுடையது எவ்வளவு கேட்கிறது என்று அதனுடன் வந்த தாளில் இருக்கும். முள் குதிக்கிறது என்பதற்காக மேலே நாணயத்தை ஒட்டுகிற பழக்கம் வேண்டாம். தட்டுதான் தேயும்.

ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டு ஃபெல்ட் விரிப்பு போட்டிருக்கிறீர்கள்தானே? ரெக்கார்டைக் கையால் பிடிக்கும்போது கீழே பிளாட்டர் (ரெக்கார்டைத் தாங்கிச் சுற்றும் வட்டம்) வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். வழுக்கவில்லையென்றால், ஃபெல்ட்டுக்கு அடியில் பேக்கரியில் கிடைக்கும் பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டிப் போடுங்கள். பெரிய செலவில்லை, வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இப்போது முக்கியமான சோதனை. ஒரே ரெக்கார்டு இரண்டு பிரதி கிடைத்தால், இரண்டு மெஷினிலும் போட்டு, பிட்ச் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) இரண்டையும் 0-வில் வைத்து, சேர்த்து ஓடவிடுங்கள். கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள். சேர்ந்தே ஓடினால் மெஷின் பிழைத்தது. விலகினால் பழி உங்கள் காதின் மேல் இல்லை.

இரண்டு பிரதி இல்லாதவர்கள் ஸ்ட்ரோப் தாளை வைத்துப் பார்க்கலாம். வட்டத்தில் கோடு கோடாக அச்சிட்ட தாள் அது. தட்டின் மேல் வைத்துச் சுற்றவிட்டு விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். இதில் இரண்டு குழி இருக்கிறது. முதலாவது, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 33⅓ சுற்றுக்கு 180 கோடு இருக்கும் தாள்தான் நமக்கானது. இணையத்தில் இறக்கி அச்சிடும் தாள் அமெரிக்காவுக்கானதாக இருந்தால் 216 கோடு இருக்கும். அது 60 ஹெர்ட்ஸ் கணக்கு. அதை இங்கே வைத்துப் பார்த்தால் நல்ல மெஷினும் கெட்டுப்போனதாகத் தெரியும். இரண்டாவது, எல்.இ.டி. பல்புகள் பல ஒழுங்காக மின்னாது, கோடுகள் கலங்கலாகவே இருக்கும். பழைய சோக் வைத்த டியூப்லைட் கிடைத்தால் அதன் கீழே பாருங்கள்.

இந்த விளக்கு விஷயத்தில் நான் ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன். பழகத் தொடங்கிய காலத்தில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு டைரக்ட் டிரைவ் மெஷின் (மோட்டாரே பிளாட்டரை நேராகச் சுற்றும் வகை). ஜோடிக்கு வீட்டு உபயோகத்துக்கான பழைய பெல்ட் மெஷின். அதில் பிட்ச் கிடையாது, கரண்டின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் ஓடும் ஏ.சி. மோட்டார். ஒன்றில் பிட்ச் இருந்தால் பழகுவதற்குப் போதும் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் வீட்டு விசேஷத்துக்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு போனேன். மாலையில் கரண்டு போய் ஜெனரேட்டர் போட்டார்கள். அதுவரை சேர்ந்து ஓடிய பாட்டுகள் எதுவும் அதற்கப்புறம் சேரவில்லை. ஸ்ட்ரோப் தாளை வைத்துப் பார்த்தேன், கோடுகள் சிலை மாதிரி நின்றன. "வேகம் சரியாத்தான் இருக்கு, என் காதுதான் போச்சு" என்று முடிவுகட்டி, அன்றைக்கு ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு என்றே போட்டு முடித்தேன்.

நடந்தது என்னவென்று மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸில் ஓடவில்லை. 48-க்கு இறங்கினாலே அந்த மோட்டார் 4 சதவீதம் மெதுவாகிவிடும், 120 பி.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற கணக்கு) பாட்டு 115-க்கு வந்துவிடும். டியூப்லைட்டும் அதே ஜெனரேட்டரில்தான் மின்னுகிறது. மோட்டார் எவ்வளவு மெதுவானதோ விளக்கும் அதே அளவு மெதுவானது. இரண்டும் சேர்ந்து பொய் சொன்னால் கோடு நிற்காமல் என்ன செய்யும்? குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் மெஷினுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 போன்றவை தங்கள் சொந்தக் கடிகாரத்தை வைத்துச் சுற்றுகின்றன, ஓரத்துச் சிவப்பு விளக்கும் அதே கடிகாரத்தில்தான் மின்னும். அதில் பெரிய புள்ளி வரிசை நின்றால் பிட்ச் 0-வில் இருக்கிறது என்று நம்பலாம்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய மெஷின் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு பிளக்கைச் செருகுங்கள். அந்த ஊர் மின்சாரம் 100 வோல்ட். நம் 230-இல் நேராகச் செருகினால் புகைதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள்.

தட்டு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சேலத்து மே மாதத்தில் காருக்குள் ரெக்கார்டை விட்டுவிட்டு ஐந்து ரோட்டில் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுத் திரும்பினால், அப்பளம் மாதிரி நெளிந்த தட்டு உங்களுக்காகக் காத்திருக்கும். (தட்டுவடை சாப்பிட்ட கையோடு ரெக்கார்டைத் தொடுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.) நெளிந்த தட்டில் முள் ஏறி இறங்கும்போது சுருதியும் தாளமும் ஆடும்.

நடுத்துளை மையத்தில் இல்லாத தட்டு இதைவிட மோசம், ஏனென்றால் பார்த்தால் தெரியாது. கண்டுபிடிக்க வழி, முள் ஓடும்போது மேலிருந்து ஆர்மைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை இடமும் வலமுமாக ஊஞ்சலாடினால் துளை தள்ளி இருக்கிறது. 33⅓-இல் ஒரு சுற்று 1.8 நொடி. எனவே 1.8 நொடிக்கு ஒரு முறை பாட்டு கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி வரும். இதற்கு பிட்சைத் தள்ளித் தள்ளிப் பலனில்லை. சராசரி வேகத்தைப் பிடித்துக்கொண்டு விட்டுவிடுங்கள், மிக்ஸைச் சீக்கிரம் முடியுங்கள்.

துளை தளர்ந்து தட்டு ஆடினால் நடுக் கம்பியில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப். துளை இறுகி, கையால் பிடிக்கும்போது கம்பி தட்டையும் சேர்த்து இழுத்தால், சுருட்டிய உப்புத்தாளால் ஓரிரு முறை மெல்லத் தேயுங்கள். ஒரு பக்கமாகத் தேய்த்துவிடாதீர்கள், மேலே சொன்ன ஊஞ்சலை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

ஒயரும் ஸ்பீக்கரும்

சேலத்தில் குகை என்ற பகுதியிலிருந்து ஒரு தம்பி வந்தான். மாதக்கணக்காகப் பழகுகிறான், ஹெட்போனில் அச்சாகச் சேர்த்துவிடுகிறான், ஃபேடரை (பாட்டை வெளி ஸ்பீக்கருக்கு ஏற்றி இறக்கும் மிக்சர் நகர்த்தியை) ஏற்றியதும் இரண்டும் சண்டை போடுகின்றன. அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மெஷின் நன்றாக இருந்தது, தட்டும் நன்றாக இருந்தது, கையும் பழகியிருந்தது. மூலையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர்.

"இதுல ஓடுற பாட்டோடதான் சேக்கறியா கண்ணு?"

"ஆமாங்கண்ணா."

புளூடூத் ஸ்பீக்கர் சத்தத்தைத் தாமதமாகத்தான் வெளியே விடும். நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் என்பது சாதாரணம். 120 பி.பி.எம்.மில் ஒரு அடி அரை நொடி. ஆக, கிட்டத்தட்ட பாதி அடி பிந்தி வரும் சத்தத்துடன் அவன் ஹெட்போன் பாட்டைச் சேர்த்துக்கொண்டிருந்தான். சேர்த்ததில் தப்பே இல்லை, சேர்த்த இடம்தான் தப்பு. ஒயர் ஸ்பீக்கர் மாட்டிய அன்றைக்கே அவனுக்கு மிக்ஸ் வந்துவிட்டது. புளூடூத் ஹெட்போனும் இதே வகைதான், டிஜே வேலைக்கு ஆகாது.

கல்யாண மண்டபத்தில் இதே பிசகு வேறு வேடத்தில் வரும். சத்தம் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி நொடி ஆகும். ஸ்பீக்கர் 15 மீட்டர் தள்ளி மேடையில் இருந்தால் உங்களிடம் வருவதற்குள் 44 மில்லி நொடி போய்விடும். அந்த அளவு விலகல் காதுக்கு இரட்டை அடியாகவே கேட்கும். பக்கத்தில் ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளுங்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் தர மாட்டேன் என்றால், மிக்சரில் கியூ மிக்ஸ் குமிழை நடுவில் வைத்து இரண்டு பாட்டையும் ஹெட்போனிலேயே கேட்டுச் சேருங்கள்.

எது முந்துகிறது?

இதுவரை எல்லாம் சரி என்றால், இப்போது உங்கள் முறை. இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள்.

இரண்டு பாட்டு சேரவில்லை என்றால் காரணம் இரண்டே இரண்டுதான். ஒன்று, தொடங்கிய இடம் பிசகியிருக்கிறது. இன்னொன்று, வேகம் பிசகியிருக்கிறது. புதியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, கையால் தள்ள வேண்டிய இடத்தில் பிட்சைத் தள்ளுவார்கள், பிட்சைத் தள்ள வேண்டிய இடத்தில் கையால் தள்ளுவார்கள்.

பிரித்துப் பார்க்கும் வழி எளிது. ஹெட்போனில் இருக்கும் தட்டைக் கையால் ஒரு சின்னத் தள்ளு தள்ளி அடியை ஒட்டவையுங்கள். அப்படியே ஒட்டி நின்றால் வேகம் சரி, தொடக்கம்தான் பிசகியிருந்தது, பிட்சைத் தொடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி விலகி, மறுபடி அதே பக்கம் தள்ள வேண்டியிருந்தால் வேகம் பிசகு. எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறீர்களோ அந்தப் பக்கம் பிட்ச் போக வேண்டும். முன்னே தள்ளிக்கொண்டிருந்தால் வேகம் கூட்ட வேண்டும், பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தால் குறைக்க வேண்டும். டெக்னிக்ஸ் வகை மெஷின்களில் பிட்சை உங்களை நோக்கி இழுத்தால்தான் வேகம் கூடும். மேலே தள்ளினால் கூடும் என்று கை நினைக்கும். அந்த நினைப்பு போகச் சில நாள் ஆகும்.

"எது முந்துது, எது பிந்துதுன்னே தெரியலையே" என்பதுதான் எல்லோருடைய புலம்பலும். தறிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சரிபாதி இடைவெளியில் அடிக்கும்போது எந்தத் தறி முந்தியது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஒட்டியிருந்து விலகத் தொடங்கும் முதல் சில நொடியில்தான் அது தெரியும். எனவே முதலில் எப்படியாவது ஒட்டவையுங்கள், அப்புறம் கையை எடுத்துவிட்டு, 'டக்' என்ற ஒற்றை அடி 'டடக்' ஆகும் அந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் ஹெட்போன் வால்யூமைக் கொஞ்சம் கூட்டிக் குறையுங்கள். 'ட', 'டக்' இரண்டில் எது பெரிதாகிச் சிறிதாகிறதோ அதுதான் ஹெட்போன் தட்டு. அது முதலில் வந்தால் முந்துகிறது, இரண்டாவதாக வந்தால் பிந்துகிறது.

அப்படியும் பிடிபடவில்லையா? வேண்டுமென்றே தட்டை லேசாக முன்னே தள்ளிப் பாருங்கள். இரட்டை அடி குறுகினால் பிந்தியிருந்தது, அகலமானால் முந்தியிருந்தது. ஊகமாக இருந்தாலும் ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். தள்ளாமல் யோசித்துக்கொண்டு நின்றால் பாட்டு முடிந்துவிடும்.

எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தபோது தோன்றியது. ஒட்டி, விலகி, மறுபடி ஒட்ட எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். 60-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவது பி.பி.எம். வித்தியாசம். 15 நொடியில் மறுபடி ஒட்டினால் 4 பி.பி.எம். 30 நொடி ஆனால் 2. ஒரு நிமிடம் ஆனால் 1. ஓடுகிற பாட்டு 118, உங்கள் கையிலிருப்பது 122 என்று வையுங்கள். வித்தியாசம் 4, அதாவது சுமார் 3.3 சதவீதம் குறைக்க வேண்டும்.

பிட்சை முதலிலேயே துளித் துளியாக நகர்த்தாதீர்கள். பெரிதாக நகர்த்தி, தெளிவாக முந்தும் ஓர் இடத்தையும் தெளிவாகப் பிந்தும் ஓர் இடத்தையும் பிடியுங்கள். பிறகு நடுவில் வையுங்கள். அங்கே முந்துகிறதா பிந்துகிறதா என்று பார்த்து, மிச்சத்தின் நடுவுக்கு வாருங்கள். காய்கறிக் கடையில் பேரம் பேசுவது போலத்தான். ஐந்தாறு தடவையில் படிந்துவிடும். எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்றால், 0.1 சதவீதம் பிசகினாலே அரை நிமிடத்தில் 30 மில்லி நொடி விலகிவிடும், அடி தடிக்கத் தொடங்கும். எனவே சேர்த்தாயிற்று என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். மிக்ஸ் முடியும்வரை ஒரு விரல் தட்டருகே இருக்கட்டும்.

தள்ளும் விதம். வேகப்படுத்த நடு லேபிளின் ஓரத்தில் விரல்நுனி வைத்துச் சுற்றும் திசையிலேயே லேசாக உதவுங்கள், அல்லது நடுக் கம்பியை இரு விரலால் திருகுங்கள். மெதுவாக்க, பிளாட்டரின் ஓரத்துப் புள்ளிகளின் மேல் விரலை வருடினால் போதும். எங்கள் மாமா ரேடியோ செட் வைத்திருந்தவர். குழாய் ஸ்பீக்கர் காலத்து ஆள், மிக்ஸ் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. ஆனால் நான் தட்டைத் தொடும்போதெல்லாம் "பாட்டு மேல கை வெக்காத சாமி, பேர் எழுதின எடத்துல வெய்யி" என்பார். இதைவிடச் சரியான பாடம் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

தட்டை விடும் நேரத்துக்கும் ஒரு சொல். முதல் அடியில் முள்ளை நிறுத்தி, முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்து, அடி விழும் நேரத்தில் விடுகிறீர்கள். சும்மா விட்டால் பிந்தும், ஏனென்றால் தட்டு முழு வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். விடும்போதே ஒரு சின்ன உந்துதல் கொடுங்கள். பெல்ட் மெஷினில் இன்னும் கொஞ்சம் கூட.

பிட்ச் 0-வுக்கு அருகில் மட்டும் தகராறு செய்கிறதா? அது உங்கள் கை அல்ல. பழைய மெஷின்களில் நடுவில் 'கிளிக்' என்று உட்காரும் இடம் இருக்கும். அதைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்குப் பிட்சை நகர்த்தினாலும் வேகம் மாறாது, அல்லது திடீரெனத் தாவும். 0.2 சதவீதம் வேண்டுமென்றால் அங்கே கிடைக்காது. வழி ஒன்றுதான். ஓடுகிற பாட்டை முன்கூட்டியே 1 அல்லது 2 சதவீதத்தில் போட்டுவிடுங்கள், அடுத்ததும் நடுவை விட்டுத் தள்ளி வந்து உட்காரும்.

நம் பாட்டுகள்

வெளிநாட்டு ஹவுஸ், டெக்னோ ரெக்கார்டுகள் மெஷின் தாளம், நூல் பிடித்த மாதிரி ஓடும். முதல் சில மாதம் அவற்றில்தான் பழக வேண்டும் என்பது என் கட்சி. பழைய சினிமாப் பாட்டு இசைத்தட்டு அப்படியில்லை. வாத்தியக் கோஷ்டி மொத்தமும் உட்கார்ந்து, மனிதக் கை வாசித்தது. சரணத்தில் ஒரு துளி இறங்கும், கடைசிப் பல்லவியில் ஏறும். சரியாகச் சேர்த்த பாட்டும் அரை நிமிடத்தில் விலகும், தப்பு உங்களுடையதல்ல. அவற்றை நீளமாகச் சேர்க்கப் பார்க்காதீர்கள். இடையிசையில் தாள வாத்தியம் மட்டும் தனியாக ஓடும் எட்டு, பதினாறு அடி கிடைத்தால் அதற்குள் நுழைந்து வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொரு வலை, எடுப்பு. பாடகர் வாய் திறக்கும் இடமே தாளத்தின் முதல் அடி என்று புதியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நம் பாட்டுகளில் பல்லவி சமத்தில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அரை அடி தள்ளி எடுக்கும், ஒன்றரை அடி தள்ளியும் எடுக்கும். வேகம் சேர்ந்தும், எங்கோ ஏதோ இடறுகிறது என்று தோன்றினால் இதுதான் காரணம். பாட்டை விட்டுவிட்டுத் தபலாவையும் பேஸ் கிடாரையும் கேட்டுச் சமத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் லேபிளின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை தேட வேண்டாம்.

திஸ்ர நடைப் (அடிக்கு மூன்று) பாட்டையும் சதுஸ்ர நடைப் (அடிக்கு நான்கு) பாட்டையும் ஒன்றன்மேல் ஒன்று போடுவதை நான் விட்டுவிட்டேன். பெரிய அடிகள் சேரும், உள்ளே மூன்றும் நான்கும் மல்லுக்கட்டும். தனி ஆவர்த்தனத்தில் அதைச் செய்ய ஒரு வித்வான் வேண்டும், டர்ன்டேபிளால் ஆகாது.

பிட்சை எவ்வளவு தள்ளலாம்? 6 சதவீதம் தள்ளினால் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். வாத்தியம் தாங்கும், குரல் தாங்காது. நமக்கு ஒவ்வொரு பாடகரின் குரலும் வீட்டு மனிதர் குரல் மாதிரி பழக்கம். 3-ஐத் தாண்டினாலே கூட்டத்தில் யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள். தட்டு உறையில் ஒவ்வொரு பாட்டின் பி.பி.எம்.மையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பிட்ச் 0-வில் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். 3 சதவீதத்துக்குள் வருகிற ஜோடிகளை வீட்டிலேயே பொறுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

மலைக்கு எடுத்துப் போனால்

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிற்க வைத்து, ஆடாமல் இறுக்கிக் கட்டுங்கள். மேலே ஈரம் அதிகம். மலையிலேயே வைத்திருந்த ரெக்கார்டுகளில் பூஞ்சை வெள்ளையாகப் படிந்திருக்கும், முள் அதில் இடறினால் அடி தாவும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். 78 சுற்று அரக்குத் தட்டு கிடைத்தால் ஸ்பிரிட் மட்டும் வேண்டாம், அரக்கு கரைந்துவிடும்.

பழைய பங்களாக்களின் மரத்தளத்தில் நாலு பேர் ஆடினாலே முள் குதிக்கும். ஒரு கடப்பா கல்லை எடுத்து, அதன் அடியில் பாதிக் காற்றடித்த சைக்கிள் டியூபை வட்டமாகப் போட்டு, மேலே மெஷினை வையுங்கள். கேட்டால் சிரிப்பார்கள். ஆடத் தொடங்கியதும் யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக, எல்லாம் சரியாக இருந்தும் கூட்டத்தின் நடுவில் மிக்ஸ் சிதறிவிட்டால் என்ன செய்வது? எடுத்ததும் தட்டைப் பிடித்துத் திருத்த முயலாதீர்கள், ஒவ்வொரு திருத்தமும் வெளியே கேட்கும். முதலில் உள்ளே வரும் பாட்டின் பேஸைக் குறைத்துவிட்டு, அப்புறம் ஒட்டவைத்துப் பாருங்கள். அடி மோதுவது பெரும்பாலும் கீழ்ச் சத்தத்தில்தான் உறுத்தும். நாலு அடிக்குள் ஒட்டவில்லையென்றால் ஃபேடரைக் கீழே இறக்கி, பழைய பாட்டையே ஓடவிட்டு, ஹெட்போனில் மறுபடி சேருங்கள். அதற்கும் நேரமில்லை, பாட்டு முடியப்போகிறது என்றால், அடுத்த பல்லவியின் முதல் அடியில் பழையதைச் சட்டென்று வெட்டிவிட்டுப் புதியதைத் திறந்துவிடுங்கள்.